ஓசேஜ் கவுண்டி, ஓக்லஹோமா: ரெண்டு நாள் டிரிப்புக்கு ஒர்த்தா? (மாடு, எண்ணெய், பைசன், அப்புறம் அந்தக் கொலைகள்)

வண்டிக்காரன்77 (டல்லஸ்)

எல்லாருக்கும் வணக்கம். மே மாசக் கடைசியில டல்சாவுல மச்சான் வீட்டு கிரகப்பிரவேசம். வியாழக்கிழமை காலையில முகூர்த்தம், மத்தியான சாப்பாட்டோட முடிஞ்சிரும், ஆனா நான் ஞாயிறு வரைக்கும் பிளான் போட்டுட்டேன், அதனால வெள்ளி சனி ரெண்டு நாள் கையில சும்மா இருக்கு. மேப்புல பாத்தா டல்சாவுக்கு வடமேற்கே ஓசேஜ் கவுண்டின்னு ஒண்ணு பெருசா விரிஞ்சு கிடக்கு, ஊரும் கம்மி ரோடும் கம்மி. வீட்டம்மா "அங்க என்ன இருக்கு, மாடும் புல்லும்தானே, அதைப் பாக்க எதுக்கு பெட்ரோல் செலவு"ங்குறாங்க. பையனுக்கு 11, பொண்ணுக்கு 6. எண்ணெய்ப் பணத்துக்காக ஓசேஜ் பழங்குடி மக்களைக் கொன்ன அந்தக் கதை 2023ல சினிமாவா (கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்) வந்தப்போ பாத்ததுல இருந்து எனக்கு ஒரு ஆர்வம். யாராச்சும் போயிருக்கீங்களா?

சும்மா_ஒருத்தன்

மாடும் புல்லும்தான். வீட்டம்மா சொல்றதைக் கேளுங்க பாஸ், உடம்புக்கு நல்லது.

டல்சா_சித்தப்பா

தம்பி, நான் டல்சாவுக்கு வந்து 18 வருஷம் ஆச்சு, ஓசேஜுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்ல, ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போறது அங்கதான். ஓக்லஹோமாவுலயே பரப்புல பெரிய கவுண்டி அது, கிட்டத்தட்ட 2,300 சதுர மைல், டெலவேர் மாநிலத்தோட நிலப்பரப்பை விடவே பெருசு, ஆனா இருக்கற ஜனம் ஐம்பதாயிரம் கூடக் கிடையாது, அதுலயும் பாதி டல்சா ஓரத்துலயும் பார்ட்டில்ஸ்வில் ஓரத்துலயும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல போனா நீங்க, வானம், மாடு, தலையாட்டிக்கிட்டே எண்ணெய் இறைக்கிற பம்ப்ஜாக், அவ்வளவுதான்.

என் ரூட்டு இது. டல்சாவுல இருந்து ஸ்கையடூக் வழியா 11ஆம் நம்பர் ரோட்டுல போங்க, பார்ன்ஸ்டால்னு ஒரு சின்ன ஊரு வரும். மெயின் ஸ்ட்ரீட் நட்ட நடுவுல எண்ணெய்க் கிணறு! 1914ல தோண்டினது, சுத்தி வேலி போட்டு வச்சிருக்காங்க, ரெண்டு பக்கமும் வண்டி போய்க்கிட்டு இருக்கும், நம்மூர்ல ரோட்டு நடுவுல பிள்ளையார் கோயில் இருந்தா எப்படி ஒதுங்கிப் போவோமோ அதே மாதிரி. அந்த ஊருக்கு முன்னாடி பேரு பிக்ஹார்ட், ஓசேஜ் தலைவர் ஒருத்தரோட பேரு, அப்புறம் எண்ணெய்க் கம்பெனிக்காரன் பேருக்கு மாத்திட்டாங்க. சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி கிளார்க் கேபிள் அங்கதான் எண்ணெய் வேலை பாத்திருக்காரு. ஒண்ணு மட்டும், 2024 மே மாசம் ரொம்ப மோசமான டொர்னாடோ அந்த ஊரை அடிச்சுது, ரெண்டு பேர் போயிட்டாங்க, அதனால இடிஞ்ச வீடு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கற வேலையெல்லாம் வேணாம்.

அங்க இருந்து பஹஸ்கா, கவுண்டி தலைநகர். அதைப் பத்தி அப்புறம் எழுதுறேன், மாமியார் கூப்பிடுறாங்க.

மாடசாமி_டெக்ஸஸ்

பொண்ணுக்கு 6 வயசுன்னா பஹஸ்கால பயனியர் உமன் கடைதான். அந்த சமையல் டிவி அம்மா ரீ டிரம்மண்ட் 2016ல பழைய கட்டடத்தை எடுத்து சரிபண்ணி திறந்த கடை, கீழ சாப்பாடும் சாமானும், மேல பேக்கரி. கூட்டம்னா கூட்டம். சினமன் ரோல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு ஒரு மணி நேரம் வரிசையில நிக்கணுமான்னு கேட்டா நான் நிக்க மாட்டேன். வெஜ்னா ரொம்பக் கஷ்டம், புளியோதரை கட்டிட்டுப் போயிருங்க.

பெட்ரோ_பாண்டி (ஹூஸ்டன்)

ஆளாளுக்கு சினமன் ரோலுன்னு இறங்கிட்டீங்க. எங்க தொழில்ல ஓசேஜ்ங்கறது ஒரு தனி அத்தியாயம்லே, அது இல்லாம அந்த ஊரே புரியாது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கோங்க.

அமெரிக்காவுல நிலத்தோட மேல்பரப்பு ஒருத்தனுக்கும் அடியில கிடக்கற எண்ணெய் இன்னொருத்தனுக்கும் இருக்கலாம். டெக்ஸஸ்ல அது ஒவ்வொரு பண்ணைக்கும் ஒவ்வொரு மாதிரி. ஓசேஜ்ல மொத்தக் கவுண்டிக்கும் ஒரே மாதிரி. எப்படின்னா, ஓசேஜ் மக்களைக் கன்சாஸ்ல இருந்து கிளப்பினப்போ, அங்க இருந்த நிலத்தை வித்த காசுல 1872ல செரோக்கீ மக்கள்கிட்ட இருந்து இந்தக் கிட்டத்தட்ட 15 லட்சம் ஏக்கரை விலை குடுத்து வாங்கினாங்க. கவனிங்க, அரசாங்கம் இனாமா ஒதுக்கினது இல்ல, கிரயம் பண்ணின நிலம். அதனாலதான் மத்த இனங்களோட நிலத்தையெல்லாம் துண்டு போட்ட 1887 சட்டம் இவங்க மேல பாயல. கடைசியா 1906ல துண்டு போட்டப்போ கூட ஒரு நிபந்தனை வச்சுத்தான் ஒத்துக்கிட்டாங்க, மேல இருக்கற நிலம் ஆளுக்குச் சுமார் 657 ஏக்கரா பிரியலாம், ஆனா அடியில இருக்கற எண்ணெய், கேஸு, கல்லு எல்லாம் இனத்துக்குப் பொதுச்சொத்து. அப்ப பட்டியல்ல இருந்தவங்க 2,229 பேர், ஆளுக்கு ஒரு பங்கு, அதுக்குப் பேருதான் ஹெட்ரைட். அந்தப் பங்கை விலைக்கு விக்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். (இந்த "வாரிசுக்குத்தான்"ங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ரத்தம் ஓடினது இதுலதான்.)

முதல் லீஸ் 1896ல, ஃபாஸ்டர்னு ஒரு ஆளு, மொத்த ரிசர்வேஷனுக்கும் (அதாவது ஓசேஜ் மக்களோட அந்த மொத்த நிலத்துக்கும்) பத்து வருஷ லீஸு, ராயல்டி பத்து சதவீதம். பெருசா எண்ணெய் கிடைச்சது 1920ல பர்பேங்க் எண்ணெய் வயல்ல, மார்லண்ட் கம்பெனி தோண்டினது, சுமார் 2,900 அடியில மணற்பாறை. அப்புறம் பஹஸ்கால ஒரு எல்ம் மரத்தடியில ஏலம் நடக்கும், 160 ஏக்கர் ஒரு துண்டு, ஏலம் போடறவர் பேரே கர்னல் வால்டர்ஸ், பட்டாளத்துப் பட்டம் இல்ல, அப்பா அம்மா வச்ச பேரே கர்னல்தான். பத்து லட்சம் டாலரைத் தாண்டி ஒரு துண்டு போனதால அதுக்கு மில்லியன் டாலர் எல்ம்னே பேரு. ஃபிலிப்ஸ், ஸ்கெல்லி, மார்லண்ட்னு எண்ணெய் முதலாளிங்க அத்தனை பேரும் அந்த மரத்து நிழல்ல உக்காந்து விரலாட்டி ஏலம் எடுத்தவங்க. 1923ல மட்டும் இனத்துக்கு வந்த வருமானம் 3 கோடி டாலருக்கு மேல. பழைய மரம் இப்ப இல்ல, பட்டுப்போச்சு.

பர்பேங்க் இன்னும் சாகல. கன்சாஸ் காஃபிவில்ல இருக்கற உரத் தொழிற்சாலையில வீணாப் போற கார்பன் டை ஆக்சைடைக் குழாய் போட்டுக் கொண்டாந்து 2013ல இருந்து பாறைக்குள்ள அடிச்சு மிச்ச எண்ணெயை வழிச்சு எடுக்காங்க. நூறு வருஷக் கிணத்துல இது பெரிய விஷயம், ஆனா டூரிஸ்டுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது, நாலு குழாய்தான்.

சும்மா_ஒருத்தன்

யப்பா. டிரிப்புக்கு வழி கேட்டா எண்ணெய்க் கிணத்துப் பாடம் எடுக்குறாரு.

புல்லுக்கட்டு (ஸ்டில்வாட்டர்)

பாண்டி அண்ணே, அடியில இருக்கறதைச் சொல்லிட்டீங்க, மேல இருக்கறதை நான் சொல்றேன், என் பிஎச்டியே புல்லுலதான் (வீட்ல யாருக்கும் இன்னும் புரியல, அம்மா சொந்தக்காரங்க கிட்ட "விவசாயம் படிக்கிறா"ன்னு சொல்லிட்டாங்க).

"வெறும் புல்லு"ன்னு சொன்னவங்களுக்கு. வட அமெரிக்கா நடுவுல கனடாவுல இருந்து டெக்ஸஸ் வரைக்கும் ஒரு காலத்துல ஆள் உயரப் புல்வெளி இருந்துச்சு, டால்கிராஸ் பிரெய்ரி. இன்னைக்கு மிச்சம் இருக்கறது நாலு சதவீதம் கூட இல்ல, மத்ததெல்லாம் ஏர் ஓட்டி சோளமும் சோயாவும் ஆகிருச்சு. ஓசேஜ்ல ஏன் தப்பிச்சுதுன்னா மண்ணைக் கொஞ்சம் கிளறினாலே சுண்ணாம்புப் பாறை, கலப்பை வச்சா கலப்பைதான் உடையும். உழ முடியலங்கறதாலதான் மேய்ச்சல் நிலமாவே நின்னுச்சு, ஒருத்தனோட கெட்ட நேரம் புல்லுக்கு நல்ல நேரம். அந்தச் சுண்ணாம்பு மண்ணுல வர்ற ப்ளூஸ்டெம் புல்லு மாட்டுக்கு அப்படி ஒரு சத்து, ஒரு இளங்காளை நாளைக்கு ரெண்டு பவுண்டு எடை ஏறும். அதுக்காகவே டெக்ஸஸ்ல இருந்து வசந்த காலத்துல ரயில் ரயிலா காஞ்ச மாட்டைக் கொண்டாந்து இறக்குவாங்க, கோடை முழுக்க மேய்ச்சுட்டு கொழுத்த மாடா கன்சாஸ் சிட்டி சந்தைக்கு அனுப்புவாங்க. எண்ணெய் வர்றதுக்கு முன்னாடியே ஓசேஜ் மக்களுக்குப் புல்லு வாடகையில நல்ல வரும்படி உண்டு, இதை எல்லாரும் மறந்துருவாங்க.

நீங்க கண்டிப்பாப் போக வேண்டியது பஹஸ்காவுக்கு வடக்கே இருக்கற டால்கிராஸ் பிரெய்ரி பிரிசர்வ். நேச்சர் கன்சர்வன்ஸிங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1989ல பார்னர்ட் பண்ணையை வாங்கினாங்க, 29,000 ஏக்கர், இப்ப சுமார் 39,000 ஏக்கருக்கு மேல. 1993ல 300 பைசனை விட்டாங்க, இன்னைக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல. மே கடைசியில போறீங்கன்னா அதிர்ஷ்டம், கன்னு போட்டிருக்கும், செக்கச் செவேல்னு துள்ளிக்கிட்டுத் திரியும், பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவுல கருகின திட்டு இருந்தா ஐயோ காட்டுத்தீன்னு பயப்படாதீங்க, வேணும்னேதான் கொளுத்துறாங்க, ஒவ்வொரு வருஷமும் வேற வேற திட்டு. எரிஞ்ச இடத்துல தளிர் வந்ததும் பைசன் எல்லாம் அங்க போயிரும், பழைய இடத்துல புல்லு ஓங்கி வளரும், அதுல பறவை கூடு கட்டும், அடுத்த வருஷம் அது கொளுத்தற திட்டு. இந்த சுத்து இல்லன்னா சில பத்து வருஷங்கள்ல எல்லாம் சீடர் மரக்காடா ஆகிரும்.

வண்டிய விட்டு இறங்கிக் கிட்டப் போகாதீங்க, ப்ளீஸ். ஆம்பளை பைசன் ஒரு டன் கிட்ட வரும், சாதுவா நிக்கிற மாதிரியே இருக்கும், ஆனா ஓடினா குதிரைக்குச் சமமா ஓடும்.

மாடசாமி_டெக்ஸஸ்

பைசன்னா காட்டெருமைதானே, தமிழ்ல எழுதலாமே.

புல்லுக்கட்டு (ஸ்டில்வாட்டர்)

எருமை வேற, அது வேற மாடசாமி சார், கொடைக்கானல்ல ரோட்டுக்கு வர்ற காட்டுமாட்டையே பேப்பர்ல காட்டெருமைன்னு போட்டுப் போட்டு குழப்பிட்டாங்க, நானும் அதைச் செய்ய வேணாம்னு பைசன்னே விட்டுட்டேன்.

மலர்விழி_ஓகேசி

இந்த இழையில ஒரு விஷயத்தை எல்லாரும் சுத்திச் சுத்தி வர்றாங்க, தொடல. சினிமா பாத்துட்டு "கொலை நடந்த இடம் எங்க, மோலி வீடு எங்க"ன்னு கிளம்பறவங்களை நான் நிறையப் பாத்துட்டேன், அதனால கொஞ்சம் காரமா எழுதினா மன்னிச்சிருங்க.

பாண்டி சொன்ன 3 கோடி டாலர் உண்மைதான், ஆனா அந்தக் காசை அவங்களால இஷ்டத்துக்குச் செலவு பண்ண முடியாது. ஓசேஜ் ரத்தம் பாதிக்கு மேல இருந்தா "பணத்தைக் கையாளத் தெரியாதவர்"னு முடிவு கட்டி ஒரு வெள்ளைக்கார கார்டியனைப் போட்டுருவாங்க, ஊர் வக்கீல், கடைக்காரர், பேங்க்காரர் இப்படி. 1921 சட்டப்படி மூணு மாசத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல கையில குடுக்க மாட்டாங்க. சொந்தக் காசுல மருந்து வாங்க இன்னொருத்தன் கையெழுத்து வேணும். திருட்டு எங்க ஆரம்பிச்சுதுன்னு தனியாச் சொல்லணுமா.

அப்புறம்தான் கொலை. 1921 மே மாசம் அன்னா பிரவுன்ங்கற ஓசேஜ் பெண் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் ஒரு ஓடையில சுடப்பட்டுக் கிடந்தாங்க. ரெண்டு மாசத்துல அம்மா லிஸி செத்தாங்க. 1923 மார்ச்ல தங்கச்சி ரீட்டா வீட்டையே வெடி வச்சுத் தகர்த்தாங்க, ரீட்டா, அவங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு, புருஷன் பில் ஸ்மித் மூணு பேரும் போயிட்டாங்க. அக்கா தங்கச்சிகள்ல மிச்சம் இருந்தது மோலி, அவங்க புருஷன் எர்னஸ்ட் பர்க்ஹார்ட், அவனோட மாமா வில்லியம் ஹேல். ஹேல் யாரு? எண்ணெய்க்காரன் இல்ல, மாட்டுப்பண்ணைக்காரன். கௌபாயா வந்து ஓசேஜ் மக்கள் நிலத்துல மாடு மேய்ச்சுப் பெரிய ஆளாகி "ஓசேஜ் மலைகளின் ராஜா"ன்னு பேர் வாங்கினவன். மேல இருக்கற புல்லு கிடைச்சாச்சு, கீழ இருக்கற எண்ணெயைக் காசு குடுத்து வாங்க முடியாது, வாரிசுரிமையிலதான் வரும். அதான் கணக்கு.

அதிகாரபூர்வமா எண்ணினது இருபத்தி நாலு பேர் மாதிரி, உண்மையில எவ்வளவோ அதிகம்னு ஓசேஜ் குடும்பங்களே சொல்லும், விஷம் வச்சு "நோயில போனார்"னு எழுதினதெல்லாம் எந்தக் கணக்குலயும் வரல. 1925ல அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு, பாதிக்கு மேல ஓசேஜ் ரத்தம் இருக்கறவங்களோட ஹெட்ரைட்டை ஓசேஜ் அல்லாதவங்க வாரிசா எடுக்க முடியாதுன்னு. அவ்வளவு பேர் செத்தப்புறம்.

ஃபேர்ஃபாக்ஸும் கிரேஹார்ஸ் கல்லறையும் சினிமா செட் இல்ல. அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கதான் இருக்கு.

சும்மா_ஒருத்தன்

அதான் எஃப்பிஐ வந்து எல்லாரையும் பிடிச்சிருச்சே, ஹேலுக்கு ஆயுள் தண்டனை. முடிஞ்சு போன கதை.

மலர்விழி_ஓகேசி

முடியல. முதல்ல, அப்ப எஃப்பிஐங்கற பேரே இல்ல, அந்தப் பேரு 1935ல வந்தது, அப்ப வெறும் பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேஷன். டாம் ஒயிட்னு டெக்ஸஸ் ரேஞ்சரா இருந்தவர் ஆளுங்களை மாறுவேஷத்துல அனுப்பிப் பிடிச்சார், அது உண்மை. ஹேலுக்கு 1929ல தண்டனை, 1947ல பரோல்ல வெளிய வந்துட்டான். ஆயுள் தண்டனைங்கறது அவ்வளவுதான்.

வண்டிக்காரன்77 (டல்லஸ்)

மலர்விழி அக்கா, நீங்க சொன்னது உறைக்குது. நான் அந்த வீடு எங்கன்னு கேக்கற ஆள்தான்னு ஒத்துக்கறேன். அப்ப அந்த வரலாற்றைத் தெரிஞ்சுக்க வேற எங்க போறது? போகவே கூடாதுங்கறீங்களா?

மலர்விழி_ஓகேசி

போகக் கூடாதுன்னு சொல்லல தம்பி, அவங்க சொல்ற இடத்துல போய்க் கேளுங்கன்னு சொல்றேன். பஹஸ்கால குன்று மேல ஓசேஜ் நேஷன் (அந்த இனத்தோட சொந்த நிர்வாகம்) மியூசியம் இருக்கு, 1938ல திறந்தது, அமெரிக்காவுலயே பழங்குடி இனம் தானே சொந்தமா நடத்தற மியூசியங்கள்ல மூத்தது. பெரிய கட்டடம் இல்ல, முக்கால் மணி நேரத்துல பாத்துரலாம்னு தோணும், ஆனா அங்க 1906 பட்டியல்ல இருந்த 2,229 பேரோட போட்டோவையும் ஒண்ணொண்ணாத் தேடிச் சேத்துக்கிட்டு வர்றாங்க, அந்தச் சுவர் முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். 1924ல எடுத்த ஒரு நீளப் படமும் உண்டு, ஓசேஜ் மக்களும் ஊர் வெள்ளைக்காரங்களும் வரிசையா நிக்கிறது. அதுல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டாங்க. ஹேல் நின்ன இடம்.

ஜூன்ல போறவங்களுக்கு: இன்லான்ஷ்கா ஆட்டம் அப்பதான், கிரேஹார்ஸ், ஹாமினி, பஹஸ்கான்னு மூணு ஊர்லயும் வாரம் மாத்தி நடக்கும். அது அவங்க சடங்கு. போட்டோ, வீடியோ எடுக்காதீங்க. நம்ம குலசாமி கோயில்ல சாமி வந்து ஆடும்போது முன்னாடி எவனாச்சும் மொபைலை நீட்டினா எப்படி இருக்கும்.

டல்சா_சித்தப்பா

மாமியார் ஊருக்குப் போயாச்சு, வந்துட்டேன். மலர் சொன்னதை வழிமொழியறேன். மிச்ச இடங்கள்:

ஊல்ராக். பேரே வுட்ஸ், லேக்ஸ், ராக்ஸ் மூணையும் ஒட்டுப் போட்டது. ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் ஆரம்பிச்ச ஃபிராங்க் ஃபிலிப்ஸ் 1925ல கட்டின பண்ணை வீடு, பார்ட்டில்ஸ்வில்லுக்குத் தென்மேற்கே, ஆனா ஓசேஜ் எல்லைக்குள்ளதான். 3,700 ஏக்கர் காட்டுக்குள்ள பைசன், எல்க் மான் எல்லாம் ரோட்டோரமே நிக்கும், உள்ள மியூசியத்துல துப்பாக்கி, ஓவியம், சிலைன்னு மனுஷன் கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கிப் போட்டிருக்கார். உங்க பையனுக்கு அந்த விமானத்தைக் காட்டுங்க: 1927ல கலிஃபோர்னியாவுல இருந்து ஹவாய்க்கு நடந்த பந்தயத்துல ஜெயிச்சது, பேரு ஊல்ராக். அந்தப் பந்தயத்துல நிறையப் பேர் கடல்ல விழுந்து போயிட்டாங்க, மொத்தமே ரெண்டு விமானம்தான் போய்ச் சேந்துச்சு. வாரத்துல எல்லா நாளும் திறக்க மாட்டாங்க, பாத்துட்டுப் போங்க.

ஃபேர்ஃபாக்ஸ்னா கொலை மட்டும் இல்ல, மரியா டால்சீஃப் பிறந்த ஊரு அது. 1925ல. அப்பா ஓசேஜ், ஊர்ல சினிமா தியேட்டர் வச்சிருந்தவர். அந்தப் பொண்ணு நியூயார்க் போய் பாலே ஆட்டத்துல அமெரிக்காவோட முதல் பெரிய நட்சத்திரமா ஆனாங்க, ரஷ்யப் பேரு மாதிரி டால்சீவான்னு மாத்திக்கச் சொன்னப்போ முடியாதுன்னுட்டாங்க. என் பொண்ணு பரதம் கத்துக்கறப்போ இந்தக் கதையச் சொல்லித்தான் ஊருக்கே கூட்டிட்டுப் போனேன், அவ அங்க போய் ஐஸ்கிரீம் இல்லையான்னு கேட்டா.

அப்புறம் நடிகர் பென் ஜான்சன். ஃபோரேக்கர்ல பிறந்தவர், அப்பா அதே சாப்மன் பார்னர்ட் பண்ணையில ஃபோர்மேன். இவர் ஹாலிவுட்டுக்குக் குதிரைகளை டெலிவரி பண்ணப் போனவர், அங்கயே தங்கிட்டார், 1953ல நடிப்பை ஓரமா வச்சுட்டு ரோடியோவுல கயிறு வீசறதுல உலக சாம்பியன் ஆனார், அப்புறம் ஆஸ்கரும் வாங்கினார். பஹஸ்கால அவர் பேர்ல மியூசியம் இருக்கு, சேணம், கயிறு, ஸ்பர் பிடிக்கும்னா போங்க. பாய் ஸ்கவுட் சிலையும் ஊருக்குள்ள உண்டு, 1909ல அமெரிக்காவுலயே முதல் குழு எங்களுதுதான்னு அவங்க சொல்றாங்க, மத்த ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்க.

தம்பி, உங்க வண்டியில ஏர் கம்ப்ரஸர் இருக்கா? பிரெய்ரியில எல்லாம் சரளைக்கல்லு ரோடு, சிக்னல் கிடையாது. என்கிட்ட ஒண்ணு இருக்கு, வியாழக்கிழமை வந்து வாங்கிட்டுப் போங்க.

சும்மா_ஒருத்தன்

ஒரு டவுட்டு, இந்த முறை சீரியஸாவே கேக்குறேன். போன வருஷம் பர்பேங்க் பக்கம் போனப்போ வரிசையா கரண்டு எடுக்கற காத்தாடி நின்னுச்சு, அதை எல்லாம் கழட்டச் சொல்லி கோர்ட்டு உத்தரவுன்னாங்க. நிலத்துக்காரன் வாடகைக்குக் குடுத்த நிலம், மேல சுத்தற காத்து. அடியில எண்ணெய் வச்சிருக்கறவங்களுக்கு இதுல என்ன?

பெட்ரோ_பாண்டி (ஹூஸ்டன்)

அப்படிக் கேளுலே! இதுதான் ஓசேஜ். 84 காத்தாடி. ஒவ்வொண்ணுக்கும் அஸ்திவாரம் தோண்டினாங்க, வந்த சுண்ணாம்புப் பாறையை அங்கயே உடைச்சு திரும்ப அதே குழியில கொட்டினாங்க. பாறைங்கறது என்ன, கனிமம். கனிமம் யாருது, ஓசேஜ் இனத்துது. வழக்கு 2014ல ஆரம்பிச்சது, 2017ல மேல்முறையீட்டு கோர்ட்டு "பாறையை உடைச்சுப் பயன்படுத்தினா அது சுரங்க வேலைதான், லீஸ் வாங்கணும்"னு சொல்லிருச்சு, லீஸ் வாங்கல, 2023 டிசம்பர்ல காத்தாடியைப் பிடுங்குங்கன்னே தீர்ப்பு. கம்பெனி அப்பீல் போச்சு. கேள்வி காத்தைப் பத்தியே இல்ல, குழியைப் பத்தி.

புல்லுக்கட்டு (ஸ்டில்வாட்டர்)

இன்னொரு பக்கமும் இருக்கு அண்ணே. 1906ல ஆளுக்கு 657 ஏக்கர் வந்துச்சு இல்ல, அந்த மேல்நிலம் கொஞ்ச வருஷத்துலயே கடனுக்கும் வரிக்கும் ஏமாத்துக்கும் கைமாறி பெரிய பண்ணைக் குடும்பங்கள் கிட்ட போயிருச்சு. இன்னைக்கு நீங்க பாக்கற அழகான ராஞ்ச் கேட் எல்லாத்துக்கும் பின்னாடி அந்தக் கதை உண்டு, ஆனா எந்த போர்டுலயும் எழுதியிருக்காது. 2016ல சிஎன்என் டிவி ஆரம்பிச்ச டெட் டர்னர் கிட்ட இருந்து 43,000 ஏக்கர் ப்ளூஸ்டெம் ராஞ்சை ஓசேஜ் நேஷன் வாங்கினாங்க. ஒரு தடவை கன்சாஸ் நிலத்தை வித்து வாங்கின அதே மண்ணை ரெண்டாவது தடவை காசு குடுத்து வாங்கறாங்க. புரியுதா? நான் படிக்கறது புல்லுதான், ஆனா எங்க சாம்பிள் எடுக்கப் போனாலும் முதல் கேள்வி "இது யார் நிலம்"தான், அதுக்கு ஒரே வரியில எவனும் பதில் சொல்ல மாட்டான்.

பெட்ரோ_பாண்டி (ஹூஸ்டன்)

அது சரிதான். 2011ல மத்திய அரசு இவங்க எண்ணெய்ப் பணத்தை ஒழுங்கா நிர்வாகம் பண்ணலன்னு 38 கோடி டாலர் குடுத்து வழக்கை முடிச்சதையும் சேத்துக்கோ.

மாடசாமி_டெக்ஸஸ்

இழையை ஆரம்பிச்ச ஆளையே காணோம், போயிட்டு வந்தாரா?

வண்டிக்காரன்77 (டல்லஸ்)

வந்தாச்சு, வந்தாச்சு. ஆபீஸ்ல பெண்டிங் வேலை, இப்பதான் எழுத நேரம்.

வெள்ளிக்கிழமை பார்ன்ஸ்டால் கிணறு பாத்தோம், பையன் சுத்திச் சுத்தி வந்தான். ஊர்ல சில வீடுங்க இன்னும் அஸ்திவாரம் மட்டும்தான் நிக்குது, வண்டிய ஸ்லோ பண்ணாமப் போயிட்டேன். பஹஸ்கால மியூசியம். உள்ள இருந்த ஒரு அம்மா பையன்கிட்ட பேச்சுக் குடுத்து, அந்தப் போட்டோ சுவர்ல அவங்க தாத்தாவோட அம்மாவைக் காட்டினாங்க. நான் ஒண்ணும் கேக்கல, அவங்களே கொஞ்சம் சொன்னாங்க, அதை இங்க எழுதறது சரியா இருக்காது. வெட்டின படத்தையும் பாத்தோம். ஃபேர்ஃபாக்ஸ் போகல.

சினமன் ரோலுக்கு வரிசையில நின்னது நான் இல்ல, வீட்டம்மா. ஐம்பது நிமிஷம். பெட்ரோல் செலவைப் பத்தி அப்புறம் அவங்க பேசவே இல்ல.

சனிக்கிழமை பிரெய்ரி. புல்லுக்கட்டு, நீங்க சொன்ன செவலைக் கன்னு நிறைய, ஒரு அறுபது எழுபது பைசன் ரோட்டை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் உக்காந்தோம், பொண்ணு கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு கன்னுக்கும் பேர் வச்சா, கடைசியா பேர் தீந்துபோய் நம்ம சொந்தக்காரங்க பேரையெல்லாம் வச்சா. எரிஞ்ச திட்டும் எரியாத திட்டும் பக்கத்துப் பக்கத்துல, வயல்ல நாத்தங்கால் மாதிரி பச்சையா ஒரு கோடு. பண்ணையாளுங்க தங்கின 1920ஆம் வருஷத்துக் கட்டடத்துல தண்ணி பிடிச்சுக்கிட்டு புளியோதரை சாப்பிட்டோம். திரும்பி வர்ற வழியில சித்தப்பா சொன்ன மாதிரியே டயர்ல சரளை குத்திருச்சு. மெதுவா இறங்கற காத்துதான், கம்ப்ரஸரை வச்சு நாலு தடவை அடிச்சு அடிச்சு பஹஸ்கா வந்து சேந்தோம், நடுவுல ஒரு பிக்கப் ட்ரக்காரர் நிறுத்தி உதவி வேணுமான்னு கேட்டுட்டு, நாங்க ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பின்னாடியே வந்தாரு. யாருன்னே தெரியல.

ஊல்ராக் அதனால போகல. அடுத்த முறை.

டல்சா_சித்தப்பா

நல்லாச் சொன்னீங்க தம்பி. எல்லாம் சரி, என் கம்ப்ரஸரை உங்க மச்சான் வீட்ல வச்சுட்டுப் போறேன்னீங்க, அவங்க வாசல்ல ரெண்டு தடவை போய்க் கேட்டுட்டேன், அது உங்க டிக்கியிலயே டல்லஸ் போயிருச்சாமே?

வண்டிக்காரன்77 (டல்லஸ்)

ஐயோ சித்தப்பா. இருக்கு. ஊல்ராக் பாக்க அக்டோபர்ல வரேன், அப்ப எடுத்துட்டு வரேன், அவசரம்னா பார்சல் அனுப்புறேன்.

டல்சா_சித்தப்பா

அக்டோபரே வாங்க. பார்சல் வேணாம், அதோட விலையை விட அனுப்பற செலவு ஜாஸ்தி.